விரலுக்கு விலை வைப்பது யார்?

2025 நவம்பர் 21ஆம் தேதியன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒரே வீச்சில் அமுலுக்குக் கொண்டு வந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் அன்றோடு தனித்தனிச் சட்டங்களாக இல்லாமல் போய், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்ற ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டன. இத்தொகுப்புகள் தொழிலாளி வர்க்கத்தின் வேலைநிறுத்த உரிமைக்கும் சங்க உரிமைக்கும் செய்யும் கேடுகளைப் பற்றி நாம் பலமுறை எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதுவோம். இன்று நாம் எடுத்துக் கொள்வது அந்தப் பெரிய சண்டையின் இரைச்சலில் யார் காதிலும் விழாமல் போகும் ஒரு விஷயம். வேலை செய்யும் இடத்தில் கையை இழந்தவர், கண்ணை இழந்தவர், நுரையீரல் முழுவதும் கல்தூசியை நிரப்பிக் கொண்டவர், பட்டாசு வெடித்து உடம்பெல்லாம் வெந்தவர் - இவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று விதி செய்தார்களே, அப்பொழுது இவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்கவில்லை. 2020 செப்டம்பரில் இந்த மசோதா பார்லிமெண்டில் நிறைவேறிய விதம் நாடறிந்தது. ராஜ்ய சபையில் எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்த வேளையில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் அது நிறைவேறியது. முத்தரப்பு ஆலோசனைக்கென்று இருக்கும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015 ஜூலைக்குப் பிறகு, இந்தச் சட்டங்கள் நிறைவேறி முடியும் வரை ஒரு தடவைகூடக் கூட்டப்படவில்லை. மத்தியத் தொழிற்சங்கங்களின் பேச்சையே கேட்க மனமில்லாதவர்கள், விரல் போன ஒரு பிரஸ் ஆபரேட்டரின் பேச்சையா கேட்கப் போகிறார்கள்?

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1924 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் வெள்ளைக்கார சர்க்காரின் அதிகாரிகள். அந்தச் சட்டத்தில், வயது வராத சிறுவன் ஒருவன் மில்லில் வேலை செய்யும்போது செத்தால் நஷ்டஈடு இருநூறு ரூபாய் என்று எழுதி வைத்திருந்தார்கள். காயம்பட்டால் முதல் 10 நாள் வரை முதலாளிக்குப் பொறுப்பு கிடையாது. அது பிறகு 7 நாளாயிற்று. 1959ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 3 நாளாயிற்று. பத்து நாள் மூன்று நாளாகக் குறைய முப்பத்தைந்து வருஷம் பிடித்தது. அந்த முப்பத்தைந்து வருஷமும் காயம்பட்ட தொழிலாளி முதல் வாரத்துக் கஞ்சிக்குக் கடன் வாங்கிக் கொண்டிருந்தார் என்பதை எந்த அதிகாரியும் அனுபவித்துத் தெரிந்து கொள்ளவில்லை.

சட்டத்தோடு ஒரு அட்டவணை உண்டு. பழைய சட்டத்தில் முதல் அட்டவணை. புதிய தொகுப்பில் நான்காவது அட்டவணை. பெருவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 போயிற்று என்று கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை மட்டும் வெட்டுப்பட்டால் 5. பிரிட்டனில் இருக்கும் அட்டவணையிலும் அதே 14, அதே 12, அதே 7 தான். இங்கிலாந்துக்காரன் விரலும் இராணிப்பேட்டைத் தோல் தொழிலாளியின் விரலும் ஒரே எடை! ஆனால் அந்த விரல் போன பிறகு இங்கே அவருக்கு என்ன வேலை கிடைக்கும், யார் கொடுப்பார் என்ற கேள்வி அட்டவணையில் இல்லை. கனடா தேசத்துத் தொழிலாளர்கள் இப்படிப்பட்ட அட்டவணைக்கு ‘இறைச்சிக் கடைப் பட்டியல்’ என்று பெயர் வைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயர் நமக்குத் தெரியவில்லை.

இந்தப் பட்டியலின் யோக்கியதை ஒரு வழக்கில் நன்றாக வெளிப்பட்டது. 1969ல் ஒரிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார மரவேலை செய்து கொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பட்டியலைப் பார்த்தால், ஒரு கை இன்னும் மிச்சமிருக்கிறது, ஆகவே சம்பாதிக்கும் சக்தியும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் நஷ்டஈட்டுக் கமிஷனர் சாதாரண அறிவோடு பார்த்தார். ஒற்றைக் கையால் இழைப்புளி தள்ள முடியுமா? உளியை ஒரு கை பிடிக்க வேண்டும், கொட்டாப்புளியை மறு கை பிடிக்க வேண்டும். இவர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே நூற்றுக்கு நூறு நஷ்டம் என்று தீர்ப்பளித்தார். முதலாளி சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு கமிஷனர் செய்தது சரியே என்று சொல்லிவிட்டது. காயம்பட்ட அன்றே நஷ்டஈடு பாக்கியாகி விடுகிறது, கமிஷனர் தீர்ப்புச் சொல்லும் நாளிலிருந்து அல்ல என்றும் சொன்னது. இது வெற்றிதான். ஆனால் ஐம்பது வருஷமாகியும் ஒவ்வொரு தொழிலாளியும் இதைத் தனித்தனியாக வக்கீல் வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறதே தவிர, பட்டியல் மாறவில்லை. எந்தத் தொழிலுக்கு எந்த விரல் உயிர் என்பதைத் தச்சரிடமும், தறிக்காரரிடமும், டெய்லரிடமும், பிரஸ் ஆபரேட்டரிடமும் கேட்டு எழுதியிருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

தீக்காயத்தை எடுத்துக் கொள்வோம். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு விபத்து என்பது மழை வெயில் போலப் பருவந்தோறும் வரும் செய்தியாகி விட்டது. 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மறுபடியும் உயிர்கள் போயின. மாண்டவர் எண்ணிக்கை பத்திரிகையில் வருகிறது. மந்திரிகள் அனுதாபம் வருகிறது. பிழைத்தவர் கதை என்ன? பட்டியலின் இரண்டாம் பகுதியை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பாருங்கள். கை உண்டு, கால் உண்டு, கண் உண்டு, கால் விரல்கூட உண்டு. தீக்காயம் என்று ஒரு வரி கிடையாது. வெந்த கையில் விரல்கள் ஐந்தும் இருக்கின்றன. ஆனால் தோல் சுருங்கி விரல் மடங்கிப் போய் நிமிர மாட்டேன் என்கிறது. வெந்த தோலுக்கு வேர்ப்பது கிடையாது. ஆகவே கரிசல் காட்டு வெயிலில் நூறு நாள் வேலைக்குக்கூட அந்தப் பெண்ணால் போக முடியாது. ‘விரல் எல்லாம் இருக்கிறதே அம்மா, என்ன பர்சென்ட் போடுவது?’ என்று டாக்டர் கேட்கிறார். அவரையும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் கொடுத்த காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கணக்கையும் பார்த்து விடுவோம். ஏனென்றால், ‘இதெல்லாம் நிபுணர்கள் விஷயம், காயம்பட்டவர்களுக்கு என்ன புரியும்?’ என்பதே அவர்கள் முதல் வாதம். 25 வயதுத் தொழிலாளி ஒருவர் மாதம் 24,000 ரூபாய் வாங்குகிறார். இ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரியில் நிர்ணயித்த 21,000. ஆகவே அவர் அதற்கு வெளியே, நஷ்டஈட்டுச் சட்டத்துக்கு உள்ளே. அவருக்கு ஆள்காட்டி விரல் போகிறது. சம்பளத்தில் நூற்றுக்கு 60 எடுத்து, வயதுக்குரிய எண்ணான 216.91ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம் தர வேண்டும். 24,000க்குக் கணக்குப் போட்டால் 4,37,290 ரூபாய் வரும். ஆனால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 என்றே கொள்ள வேண்டும் என்று 2020 ஜனவரி 3ல் ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். அதன்படி அவருக்கு வருவது 2,73,306 ரூபாய். ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயை ஒரு வரி அறிவிக்கை விழுங்கி விட்டது. இது எட்டாவது வகுப்புப் பெருக்கல் கணக்கு. இதற்கு எந்த நிபுணர் வேண்டும்? 2010 மேயிலிருந்து 2020 வரை அந்த உச்சவரம்பு 8,000 ரூபாயாகவே கிடந்தது. அந்தப் பத்து வருஷத்தில் கை போனவர்களைக் கேட்டிருந்தால் அவர்கள் கணக்கோடுதான் பதில் சொல்லியிருப்பார்கள்.

கணக்குக்கு அப்பால், காயம்பட்டவர் மட்டுமே அறிந்த விஷயங்கள் எத்தனையோ உண்டு. நமது தொழிற்சங்க அலுவலகங்களின் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் நாம்.

விபத்து நடந்ததும் சூப்பர்வைசர் கூடவே ஆட்டோவில் ஏறி வருகிறார். உதவிக்கு அல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுத வைப்பதற்கு. அந்த ஒரு வரி பிறகு மூன்று வருஷ வழக்கைச் சாப்பிட்டு விடும். அதே மாலையில் காண்டிராக்டர் ஓடிப் போய், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தார் என்று பெயர் பதிகிறார். பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்கும்படி இரண்டு பொத்தான் உண்டு. உற்பத்தி குறைகிறது என்று ஒன்றைக் கட்டிப் போட்டவர் அதிகாரி. விரல் போன பிறகு ‘பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினார்’ என்ற ஷரத்து பாய்வது தொழிலாளி மேல். இரவல் ஆளாக வடக்கேயிருந்து வந்த பையனென்றால் கதை இன்னும் சுருக்கம்: ஊருக்கு டிக்கட், கையில் இருபதாயிரம், வெள்ளைத் தாளில் பெருவிரல் ரேகை. பெருவிரலே போயிருந்தால் இடது கை ரேகை!

வழக்குப் போட்டால் என்ன? மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2009 திருத்தம் சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம் என்றும் சட்டத்தில் இருந்தது. ஏட்டிலே எல்லாம் உண்டு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தத் தொழிலாளி ஒரு நாள் கூலியைவிட்டு, கூட வரும் மனைவியின் ஒரு நாள் கூலியையும் விட்டு, இரண்டு பஸ் மாறி லேபர் ஆபீசுக்கு வந்து, மாடிப்படி ஏறி, ‘அடுத்த மாதம் வா’ என்ற பதிலை வாங்கிப் போகிறார். கால் போனவர்கள் வந்து ஏறவேண்டிய ஆபீசை மாடியில் வைத்தவர், கால் உள்ளவராகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு கல்லுடைக்கும் தொழிலாளி. அவருக்கு விபத்து என்று ஒரு நாள் கிடையாது. ஒவ்வொரு நாளும் விபத்துத்தான். மூச்சு முட்டிப் போய் நின்றால் காசநோய் என்று எழுதி ஆறு மாதம் மாத்திரை கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். இன்ன குவாரியில் இத்தனை வருஷம் என்று காட்டும் காகிதம் எந்தக் குவாரிக்காரன் கொடுத்தான்? நோயை அட்டவணையில் சேர்த்து விட்டு, நிரூபிக்கும் வழியை அடைத்து விட்டார்கள்.

பணம் வந்த பிறகும் பிரச்னை தீர்வதில்லை. சட்டம் மொத்தத் தொகை கொடுத்துக் கைகழுவுகிறது. வேலையைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், வேலையிலிருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்று சொல்கிறது. ஆனால் அது சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு மட்டும். தனியார் முதலாளிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ‘பணம் வேண்டாம் தோழர், உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலை கேட்டுக் கொடுங்கள்’ என்று நம்மிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்! மாதாமாதம் வரும் தொகை நல்லதா, மொத்தமாக வருவது நல்லதா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. கடன்காரன் வாசலில் நிற்பவர் மொத்தத் தொகை கேட்கிறார். பத்து வருஷத்துக்கு முன் மொத்தத் தொகை வாங்கி மைத்துனனிடம் கொடுத்து இழந்தவர் மாதத் தொகை என்கிறார். இந்த விவாதத்தை நாம் வெளியிலிருந்து தீர்த்து வைக்க முடியாது. அவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க ஒரு இடம் வேண்டும் என்பதே நமது வாதம்.

அந்த இடம் எங்கே இருக்கிறது? இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனை 1948 சட்டம் அமைத்தபடி பார்த்தால், முதலாளிகள் தரப்பில் 10 பேர், தொழிலாளர் தரப்பில் 10 பேர், மருத்துவத் துறைக்கு 2 பேர், பார்லிமெண்டுக்கு 3 பேர், பாக்கி மத்திய, மாநில சர்க்கார்களின் ஆட்கள். மாதா மாதம் சம்பளத்தில் முக்கால் சதவீதம் சந்தா கட்டும் தொழிலாளி, காயம்பட்டு ஊனமுற்ற பிறகு அந்த மேஜையில் அவருக்கு என்று ஒரு நாற்காலியும் கிடையாது. புதிய தொகுப்பும் அதைக் கொடுக்கவில்லை. நியாயம் பேச வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தையும் புதிய தொகுப்பு நஷ்டஈட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் இது 2010லேயே வந்து விட்டது. நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் பட்டியல் அப்படியே, வாசல் அப்படியே.

காயம்பட்டவர்கள் சட்டம் செய்யும் இடத்துக்கே போய் நின்ற உதாரணம் உலகில் இல்லாமலில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நஷ்டஈட்டு முறையை மாற்ற சர்க்கார் ஒரு பேராசிரியரை வைத்துத் திட்டம் தயாரித்தது. ஆயுள் பென்ஷனைக் குறைக்கும் ஆபத்து அதில் இருந்தது. அங்கே 1974லேயே காயமுற்ற தொழிலாளர் யூனியன் ஒன்று தோன்றியிருந்தது. கட்டிட வேலையில் முதுகெலும்பை முறித்துக் கொண்ட இத்தாலியக் குடியேறிகள் அதில் ஏராளம். பலருக்கு ஆங்கிலமே சரியாக வராது. 1983 ஜூன் 1ஆம் தேதி சட்டசபைக் கமிட்டி விசாரணைக்குக் கூடியபோது, ஆயிரக்கணக்கான காயமுற்ற தொழிலாளர்கள் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வந்து சேர்ந்தார்கள். உள்ளே இடம் கொள்ளவில்லை. கமிட்டியே வெளியே வந்து, சட்டசபைப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டது. 1985ல் விலைவாசி உயர்வுக்கு ஏற்பப் பென்ஷன் முழுமையாக உயரும் ஏற்பாடு வந்தது; தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சுதந்திரமான டிரிபியூனலும் வந்தது. அதற்குப் பிறகு அங்கேயும் முதலாளிகள் சும்மாயிருக்கவில்லை. 1990ல் புதிதாகக் காயம்படுபவர்களுக்கு ஆயுள் பென்ஷன் போயிற்று. 1998ல் தொகையும் குறைந்தது. ஒரு நாள் படிக்கட்டில் உட்கார வைத்தது போதாது, அந்த நாற்காலி நிரந்தரமாக வேண்டும் என்பதற்கு அதுவும் சாட்சி. இன்றும் ஜூன் 1ஐ அவர்கள் காயமுற்ற தொழிலாளர் தினமாகக் கொண்டாடி வருகிறார்கள்.

‘காயம்பட்டவர் வேதனையில் பேசுவார், அளவுக்கு மீறிக் கேட்பார்’ என்பது இன்னொரு வாதம். லாபத்தில் பேசும் முதலாளிப் பிரதிநிதி மட்டும் அளவோடு கேட்கிறாரா? அவர் பத்துப் பேராக உட்கார்ந்திருக்கிறாரே!

நமது முகாமிலிருந்தே வரும் ஒரு கேள்விக்குத்தான் நாம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கும்போது காயம்பட்டவர்களுக்கென்று தனி இடம் எதற்கு, இது வர்க்கத்தைப் பிரிப்பதாகாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஒற்றுமையைப் பற்றிய அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் நமது சங்கங்களின் நடைமுறையைத் திரும்பிப் பார்ப்போம். விபத்து நடந்தால் கேட் மீட்டிங் போடுகிறோம். கட்டுப்போட்ட கையோடு அந்தத் தொழிலாளியை மேடையில் நிறுத்துகிறோம். கோஷம் போடுகிறோம். வழக்கை நமது வக்கீலிடம் ஒப்படைக்கிறோம். அதோடு அவர் வேலையை இழக்கிறார். வேலையை இழந்ததும் சந்தா நிற்கிறது. சந்தா நின்றதும் அங்கத்தினர் பட்டியலிலிருந்து பெயர் போகிறது. அடுத்த ஆண்டு மாநாட்டில், விபத்து நஷ்டஈடு பற்றிய தீர்மானத்தைப் பிரேரிப்பவரும் இரண்டு கையும் உள்ளவர், ஆமோதிப்பவரும் இரண்டு கையும் உள்ளவர். பிரித்தது யார்? அவர்கள் பிரிந்து போகவில்லை. நாம்தான் உதிர விட்டோம்.

ஆகவே நமது கோரிக்கைகளில் பாதி சர்க்காரை நோக்கியவை, பாதி நம்மை நோக்கியவை. விரல் கணக்கு அட்டவணையையும், சம்பள உச்சவரம்பையும் திருத்த மத்திய சர்க்காருக்குப் புதுச் சட்டம் தேவையில்லை, அறிவிக்கையே போதும். அந்தத் திருத்தத்துக்கு ஒரு கமிட்டி போட வேண்டும். அதில் சரிபாதிப் பேர் காயமுற்ற தொழிலாளர்களாக, தீக்காயம் பட்ட பெண்களும் தூசி நோய் வந்த குவாரித் தொழிலாளர்களும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் வரும் நாளுக்குச் சம்பளமும் கூட வரும் ஆளுக்குப் பயணச் செலவும் தர வேண்டும். மருத்துவ போர்டில் பர்சென்ட் போடும்போது, அந்தத் தொழில் தெரிந்த ஒரு தொழிலாளி பக்கத்தில் இருந்து, இந்தக் கையால் அந்த மெஷினை ஓட்ட முடியுமா முடியாதா என்று சொல்ல உரிமை வேண்டும். மாநில சர்க்கார் டில்லியைக் காட்டித் தப்பித்துக் கொள்ள முடியாது. லேபர் ஆபீஸ் மாடியில் இருக்க வேண்டுமா தரையில் இருக்க வேண்டுமா என்பது டில்லி விஷயமல்ல.

நம்மைப் பொறுத்தவரை, வேலை போனாலும் காயமுற்ற தொழிலாளியின் அங்கத்தினர் உரிமை நீடிக்கும் என்று ஒவ்வொரு சங்கமும் விதியைத் திருத்த வேண்டும். இது சர்க்காரின் தயவில் இல்லை. அடுத்த செயற்குழுவிலேயே செய்யலாம்.

சர்க்காருக்கு அனுப்பும் மகஜரை நாமே எழுதிக் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கமும் வேண்டாம். ஜில்லாக் கமிட்டிகள் தங்கள் பகுதியில் கடந்த பத்து வருஷத்து வழக்குக் கட்டுகளை எடுத்து, விலாசம் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கட்டும். தரைத் தளத்தில் இருக்கட்டும். பஸ் செலவைச் சங்கம் கொடுக்கட்டும். தலைவர்கள் பேச்சைக் கால் மணி நேரத்தோடு நிறுத்திக் கொள்ளலாம். எழுதத் தெரிந்த தோழர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதட்டும். அந்த நோட்டுப் புத்தகங்களை நமது அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். அதில் உள்ளதை வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம். மகஜர் அதிலிருந்து தயாராகட்டும்.